கோல்பியின் அம்மா வாய் திறந்த நாள்

பக்கத்து அறையில் துப்பாக்கி வெடித்தது. ஹெட்டி பீல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சமையலறையில் நின்றபடி காபியை இறக்கி வைத்தாள். டிவியில் வெள்ளிக்கிழமைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன ஊர், அதற்கு ஒரு போலீஸ் சீஃப். ஆரம்பத்தில் ஒரு பிணம் விழும். முடிவதற்குள் அந்த மனிதர் கொலைகாரனின் தோளில் கை வைத்துவிடுவார். செத்தவனின் தாய் கதறுவாள். அவளோடு சேர்ந்து ஹெட்டியும் கதறுவாள். கேட்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அவள் பெற்றது ஒரே பிள்ளை. சிங்கி இறால் பிடிக்கப் போன கோல்பி திரும்பவில்லை. அவன் படகு மட்டும் ஆளில்லாமல், இன்ஜின் ஓடியபடி, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தவறி விழுந்தான் என்று எழுதி முடித்தார்கள். ஆறு வருஷம் ஆகிறது.

சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு ஏம்ஸ் மெரோ உள்ளே வந்தார். ஹேக் கோவ் ஊரின் நிஜமான போலீஸ் சீஃப். அவர் அரை டிராயரோடு ஓடிய காலத்திலிருந்தே ஹெட்டிக்கு அவரைத் தெரியும்.

"யாரு உள்ள சுடறது? லைசென்ஸ் இருக்கா?"

"உன்னைவிடக் கெட்டிக்காரன்ப்பா. ஒரு மணி நேரத்துல ஆளைப் பிடிச்சுடறான்."

"அவனுக்கென்ன, நடுவுல விளம்பரம் போட்டா போய்த் தூங்கலாம். எனக்குத் தொலைஞ்ச நாயைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகுது."

ஹெட்டி சிரித்தாள். 

"திங்கக்கிழமையிலேருந்து நீ வேலையில இல்லையாமே. வெளியூர் ஆள் வர்றானாம். அதான் ஸ்டேஷனுக்கு போன் பண்ணி உன்னை வரச் சொன்னேன்." காபிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். "அன்னிக்குக் கேட்டியே, கோல்பிக்கு யாரோடயாவது தகராறான்னு?"

"கேட்டேன். இல்லவே இல்லைன்னு உங்க வீட்டுக்காரர் ட்வைட் அண்ணன் சொன்னாரு. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"அது பொய், ஏம்ஸ்."

அந்தத் துறைமுகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடலில் ஒரு எல்லை உண்டு. எவனாவது எல்லை தாண்டி இறால் கூண்டு இறக்கினால், கூண்டின் மேலே மிதக்கும் மிதவையின் காம்பில் அந்த எல்லைக்காரன் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போடுவான். எச்சரிக்கை. அதற்கும் மசியாவிட்டால் கயிறு அறுபடும். அதற்கு மேலும் போனால் ஆண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். போலீஸிடம் மட்டும் யாரும் போகமாட்டார்கள். கயிறறுத்தவனை ஊர் மன்னிக்கும். காட்டிக்கொடுத்தவனோடு மதுக்கடையில் ஒருவனும் உட்காரமாட்டான்.

"அவன் போறதுக்கு முந்தின வாரம் தன் மிதவை ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். காம்புல ரெண்டு முடிச்சு. ரெண்டும் இடக்கை முடிச்சு."

ஏம்ஸ் நிமிர்ந்து பார்த்தார். ஹேக் கோவில் இடது கையால் முடிச்சுப் போடுகிறவன் ஒருவன்தான். வெர்னல் ஆலி.

"அந்த மிதவை எங்க?"

"அன்னிக்கு நீ விசாரிக்க வந்தப்ப, உன் கார் மேட்டுல ஏறுற சத்தம் கேட்டதுமே அவர் அதை இந்த அடுப்புல போட்டுட்டார். 'துறைமுகத்து விஷயம் துறைமுகத்தோட இருக்கணும். பனி உருகட்டும், வெர்னலை நான் பாத்துக்கறேன்'னார். பனி உருகறதுக்குள்ள அவர் நெஞ்சு நின்னுபோச்சு."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷமாக நெஞ்சுக்குழியில் கிடந்த கல் உருண்டு மேசைமேல் விழுந்துவிட்டது. ஆனாலும் பாரம் குறையவில்லை.

"வெர்னல் ஒவ்வொரு குளிர்காலமும் வந்து என் வாசல்ல பனி தள்ளறான். நான் கேக்கறதில்லை, அவனா வர்றான். நான் காபி கொடுக்கறேன். வாங்கிக்கறான். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்ததில்லை."

ஏம்ஸ் காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"வெர்னல் படகுல அப்ப லைல்னு ஒருத்தன் வேலை பார்த்தானே?"

"அந்தக் குடிகாரனா?"

"ஒரு நாள் மட்டும் குடிக்காம ஸ்டேஷனுக்கு வந்தான். கோல்பி போனதுக்கப்புறம் வந்த வசந்தத்துலயே. ஒரே ஒரு கேள்வி கேட்டான்: 'கோல்பியோட அம்மா ஏதாவது சொன்னாங்களா?' இல்லைன்னேன். 'பெத்தவளே சும்மா இருக்கா, நான் யாரு பேச?'ன்னு எழுந்து போயிட்டான். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். போன வருஷம் ஈரல் கெட்டுச் செத்துட்டான்."

ஹெட்டி மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"துறைமுகமே காத்திருந்தது, ஹெட்டி அக்கா. அடி வாங்கின வீடுதான் முதல்ல பேசணும். அதானே இங்க வழக்கம்? நீங்க பேசினா பேசலாம்னு எத்தனை பேர் இருந்தாங்களோ."

"இப்பப் பேசறேனே! எழுதிக்கோ, கையெழுத்துப் போடறேன். கோர்ட்ல வந்து நிக்கறேன்!"

"எழுதிக்கறேன். வர்றவர்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன். ஆனா முடிச்சு எரிஞ்சுபோச்சு. பார்த்தவன் மண்ணுக்குள்ள போயிட்டான். வெர்னல் 'நான் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. ஒண்ணும் நடக்காதுக்கா."

"அப்ப என் பிள்ளையை ரெண்டாவது தடவை கொன்னது நான்தானா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏம்ஸ் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவருக்குப் பொய் வராது. பாழாய்ப்போன அந்த நேர்மைதான் அவரை இத்தனை வருஷம் அந்த வேலையில் வைத்திருந்தது.

தொப்பியை எடுத்துக்கொண்டு கதவருகே போனவர், எதையாவது சொல்ல வேண்டுமே என்று கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வருவீங்கல்ல?"

"வெர்னல் வருவானா?"

"வருவான். எப்பவும் வர்றவன்தானே."

வருகிறேன் என்று அவள் தலையாட்டினாள். ஏம்ஸ் குனிந்தபடி வெளியே போனார். குளிர் உள்ளே வராமலிருக்க, ஹெட்டி கதவை இழுத்துச் சாத்தினாள்.