என் சகலை விசைப்பலகை கழுவிய நாள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சித்தூரில் என் செல்போன் அடித்தது. நான் அப்போது மூக்குக்கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டே வீடு முழுக்க அந்தக் கண்ணாடியையே தேடிக்கொண்டிருந்தேன். எடுத்துப் பேசினால் திருப்பதியிலிருந்து என் மனைவியின் அக்காள் மகள் அலமேலு.

"சித்தப்பா... நைனா பூட்டாரு."

அப்பா போய்விட்டார். அவ்வளவுதான் சொன்னாள். காபி குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம். அலிபிரி போகும் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் வாழ்ந்த துரைசாமி அவர்கள் என் மனைவியின் அக்காள் கணவர், அதாவது என் சகலை. எமனே நேரில் வந்து கூப்பிட்டிருந்தாலும், "இருப்பா, டம்ளரு கழுவாம கீது" என்று அவனை வாசலில் நிற்கவைத்திருப்பார். வந்தவனையும் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வரச் சொல்லியிருப்பார்.

காரியத்தன்று உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தில் அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி வீட்டில் கேட்டார்கள். ஏழுமலையும் சாட்சியாக முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்: இதில் வரும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப் போவதில்லை. அவரை அறிந்தவர்கள் பாதியில் சிரிப்பார்கள். அறியாதவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே என்னைத் திட்டுவார்கள். இரண்டுக்கும் நான் தயார்.

துரைசாமி அவர்கள் திருப்பதியில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் தட்டச்சராக இருந்தார். அவர் தட்டும் வேகத்தில் மேசை மெல்ல மெல்ல நகர்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் அறை வாசலைத் தாண்டிவிடும். ப்யூன்கள் இருவர் அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். தினமும் மாலை ஐந்தானதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து, துணியால் ஒற்றி, இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார். "அதிகாரி வெறும் கையெழுத்து போட்றாரு. எழுத்து போட்றது நானு. எது சுத்தமா இருக்கணும், சொல்லுங்க சகல?" என்பார். இதற்குப் பதில் சொன்ன அதிகாரி இன்றுவரை பிறக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி முதன்முதலாக அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, மைசூர்பாகு தின்ற கையோடு செய்தித்தாளை எடுத்துவிட்டேன். "சகல, கைய கழுவிக்கினு வாங்க" என்றார். கழுவிக்கொண்டு வந்தேன். விரல் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா" என்றார். அந்த வருடம் திருப்பதிக்குத் தண்ணீர் தரும் கல்யாணி அணையில் நீர்மட்டம் குறைந்ததற்கு மழை பொய்த்ததைக் காரணமாகச் சொன்னார்கள். எனக்கல்லவா தெரியும்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த வீட்டுக்குள் கணினி வந்தது. ஒரே மகள் அலமேலு எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஒயர் இல்லாத விசைப்பலகை ஒன்று வாங்கி அதில் இரவு பகலாகப் படித்தாள், எழுதினாள். அதன் மேலேயே முறுக்கு, எலுமிச்சைச் சோறு, கடலை மிட்டாய் என்று சகலமும் தின்றாள். கிணற்றங்கரையில் விளையாடும் குழந்தையைப் பார்க்கிற மாதிரி இவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"கண்ணு, ஒரு தபா தொடச்சி குட்க்கட்டா?"

"தொட்டீங்கன்னா பாத்துக்கோங்க நைனா. இது ஒங்க ஆபீஸ் மிஷின் இல்ல, ஒடஞ்சி பூடும்."

மூன்று வருடம் தொடவில்லை. உலகத்தில் எத்தனையோ முனிவர்கள் தவம் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எதிரிலும் முறுக்குத்தூள் விழுந்த விசைப்பலகை இருந்ததில்லை.

அப்போதுதான் விசாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு விளம்பரம் வந்தது. அலமேலு அதற்கு முயலப் போவதாகச் சொன்னாள். சகலை 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. "ஏம் பர்வாலேது" என்று, பரவாயில்லை என்பதைத் தெலுங்கில் முனகிவிட்டு எழுந்துபோனார். ஆனால் அன்றிலிருந்து சாப்பாட்டில் இரண்டாம் முறை ரசம் வாங்குவது நின்றது.

"வேணாங்கவும் மாட்றாரு, போங்கவும் மாட்றாரு" என்று சகலையின் மனைவி பத்மா அண்ணி என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஒரே பொண்ணு அவ்ளோ தூரம் பூட்டா வீடு வெறிச்சினு பூடும்னு மனசுல கீது. வாய தொறந்து சொன்னா இன்னா?"

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் விஜயதசமி, மாலை ஐந்து மணி. தன்னைப் பற்றி ஐந்நூறு சொல்லில் அலமேலு தாளில் எழுதி, திருத்தி, மறுபடி எழுதி வைத்திருந்தாள். அதைக் கணினியில் ஏற்றி அனுப்புவதுதான் பாக்கி. முந்தைய நாள் ஆயுதபூஜை. நானும் என் மனைவியும் சித்தூரிலிருந்து ரயிலேறி, பாகாலாவில் ரயில் நின்ற நேரத்தில் நான் பதினாறு வடை தின்று, திருப்பதி போய்ச் சேர்ந்தோம்.

பூஜைக்கு முன் சகலை கிண்ணத்தில் திருமண்ணைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரிவாள்மணைக்கு ஒரு நாமம், ஸ்கூட்டருக்கு ஒரு நாமம், மிக்ஸிக்கு ஒரு நாமம். கடைசியில் விசைப்பலகையை மடியில் வைத்து, தீக்குச்சி முனையால் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாக நாமம் போட ஆரம்பித்தார்.

"இன்னா சகல, மொத்தத்துக்கும் சேத்து ஒண்ணு போட்டா போறாதா?" என்றேன்.

"ஒண்ணுக்குப் போட்டுட்டு பக்கத்துல கீறத உட்டா அது கோச்சிக்காதா? பாப்பா நாளைக்கி இத்த வெச்சிதான் அப்ளிகேசன் போடப்போறா. எல்லாமே வேல செய்யணும்."

நூற்று நான்கு விசை. நூற்று நான்கு நாமம். நடுவில் சிவப்புக் கோடும் உண்டு. பெரிய கோயில் யானைக்குக்கூட அப்படி ஒரு அலங்காரம் நடந்திருக்காது. பத்மா அண்ணி தன் பங்குக்கு ஒரு செம்புத் தீர்த்தத்தை அதன் தலையில் தெளித்தார். தெளித்தார் என்பது மரியாதைக்காக. ஊற்றினார்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் அலமேலு தட்ட உட்கார்ந்தாள். ஒரு விசையும் அசையவில்லை. திருமண் விசைகளுக்கு இடையில் இறங்கிக் காய்ந்து, சிமெண்ட்டாக நின்றது.

"நைனா!"

அந்தக் கூப்பாட்டில் மலை மேல் தரிசன வரிசை ஓரடி முன்னால் நகர்ந்ததாகக் கேள்வி.

செல்போனில் அந்தக் கல்லூரியின் தளம் திறக்கவில்லை. வெளியே போய்த் தட்டலாம் என்றால், கடைகளில் கணினிகள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சாமியாக உட்கார்ந்திருந்தன. நல்ல நேரம் பார்த்து மாலை ஆறுக்குத்தான் திறப்பார்களாம். திரையில் வரும் எழுத்துகளை மவுஸால் ஒவ்வொன்றாக அமுக்கினாள் அலமேலு. ஒரு மணி நேரத்தில் மூன்று வரி வந்தது. நாலாவது வரியில் அழுகை வந்தது.

"நவுரு கண்ணு, நான் சுத்தம் பண்ணி குட்க்கறேன்" என்றார் சகலை.

"பண்ணதெல்லாம் போறாதா நைனா?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். முதலில் பேட்டரியைக் கழற்றினார். கணினியின் முதுகில் செருகியிருந்த நகமளவு துண்டையும் பிடுங்கினார். ரிசீவர் என்று அலமேலு சொல்லும் அது இல்லாவிட்டால் அந்த விசைப்பலகை வெறும் பலகை. பிறகு ஸ்பூன் காம்பைத் துணியில் சுற்றி, ஒவ்வொரு விசையாக நெம்பி எடுத்தார்.

"எது எங்க இருந்துச்சினு போட்டோ புட்ச்சிக்கோங்க சகல" என்றேன்.

ஒரு பார்வை பார்த்தார். முப்பத்தைந்து வருடத் தட்டச்சரிடம் கேட்கிற கேள்வியா அது?

எடுத்த விசைகளை வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தார். பலகையைக் கவிழ்த்துத் தட்டினார். அதிலிருந்து விழுந்தவற்றைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: முறுக்கு, எள், கடுகு, கடலைத்தோல், ஒரு முழு வம்சத்து எறும்புகள். அந்த எறும்புகள் உள்ளே பள்ளிக்கூடம் வைத்து நடத்தியிருக்கின்றன. கூட்டிப் பொங்கியிருந்தால் நாராயணவனம் கோயில் கல்யாண உற்சவத்துக்கு ஒரு பந்தி போட்டிருக்கலாம். சகலை முகத்தில் மூன்று வருடமாக இல்லாத நிம்மதி. பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டினார். பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டுச் சந்து சந்தாகத் துடைத்தார். விசைகளை மொட்டைமாடியில் வெள்ளைத் துண்டு விரித்து வெயிலில் காயவைத்தார். ரிசீவரும் ஒரு கிண்ணத்தில் பக்கத்திலேயே இருந்தது. இரண்டரை மணிக்கு விசைகளை அள்ளி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல் சொன்னபடியே ஒவ்வொன்றாகப் பொருத்தினார். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

மூன்றேகால் மணிக்கு அலமேலு மாடிக்குப் போய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். ரிசீவர் இல்லை.

இங்கேதான் குரங்கு வருகிறது. மொட்டைமாடிச் சுவரில் அலிபிரிக் குரங்கு ஒன்று, பரீட்சைக்கு மேற்பார்வை செய்ய வந்த ஆசிரியர் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் கன்னம் புடைத்திருந்தது. நான் துரத்தினேன். அது அலிபிரி மலைப்பாதையில் ஏறியது. நானும் ஏறினேன். ஆயிரமாவது படியில் அதுவும் நானும் மூச்சு வாங்க உட்கார்ந்து சமாதானம் பேசினோம். அரை டஜன் வாழைப்பழத்துக்கு அது ஒப்புக்கொண்டது. நாலரைக்குச் சகலை கூடத்துக்கு வந்து ரிசீவரை மகளிடம் நீட்டினார்.

"கெட்ச்சிச்சி கண்ணு. கொரங்கு போட்டுட்டு பூட்ச்சி."

அலமேலு செருகினாள். விசைகள் வெண்ணெயில் விரல் வைத்ததுபோல இறங்கின. ஐந்நூறு சொல்லையும் அவள் தட்டுகிற வேகத்தில் மேசை நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பத்மா அண்ணி எல்லோருக்கும் காபி கொடுத்தார். இரவுச் சாப்பாட்டில் சகலை மூன்று முறை ரசம் வாங்கினார்.

வேலை கிடைத்தது. அலமேலு விசாகப்பட்டினம் போனாள். ஆறு வருடமாக அவர் வாரம் தவறாமல் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் "கீபோர்டு தொடச்சியா?" என்று கேட்டார். போன வாரம் விடுமுறைக்கு வந்தவளிடம் நேரிலேயே கேட்டார். அவள் பொய் சொன்னாள். அவருக்கும் தெரிந்திருக்கும்.

அலமேலு, இதை நீ படிப்பாய் என்பதால் சொல்கிறேன். பாகாலாவில் நான் தின்றது இரண்டு வடை. எறும்புப் பள்ளிக்கூடம் கிடையாது. மலைப்பாதையில் ஒரு படிகூட நான் ஏறவில்லை. குரங்கும் வரவே இல்லை. இந்தக் குரங்கைப் பெற்று வளர்த்து, உன் நைனா வாயில் வைத்தவன் நான். சந்து முழுக்கத் தேடிவிட்டு, உனக்கு என்ன பதில் சொல்வது என்று புரியாமல் மாடிக்கு ஏறினேன். உன் நைனா தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். வலது கை மூடியிருந்தது.

"இன்னா சகல கையில?"

விரித்தார். உள்ளங்கையில் ரிசீவர். வெகு நேரம் இறுக்கிப் பிடித்ததில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"கொஞ்ச நேரம் வெச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

"குடுங்க, நான் குட்த்துட்றேன்."

"வேணா சகல. நாந்தான் குடுக்கணும். நான் கீற வரைக்கும் பாப்பாகிட்ட சொல்லாதீங்க."

முழங்கால் வலிக்காரர், கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கிப் போனார். போய் வாருங்கள் சகலை. நான் எழுதியதில் நீங்கள் அப்படி இறங்கிப் போனது ஒன்றுதான் துளியும் கூட்டாத நிஜம்.