மவுஸ்காரரும் படமில்லாத திரையும்

ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்குத் தெரு வைத்த பெயர் மவுஸ்காரர். ஒரு தட்டு போதுமென்றாலும் மவுஸை இரண்டு தட்டு தட்டுவார். அதைத் துடைக்கவென்றே ஒரு பழைய பனியன் துணி உண்டு. அந்தத் துணியை வேறு யாராவது தொட்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது. இணையத்தில் யாருக்கு என்ன வேலை என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். மனைவியின் தம்பி கடையில் வந்து உட்காரும் வரைக்கும்.

தம்பி கொண்டுவந்தது ஓர் ஓட்டை லேப்டாப். அதில் இணையத்தைத் திறந்தால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். படம் இல்லை, விளம்பரம் இல்லை, மவுஸும் இல்லை. விசைகளைத் தட்டித் தட்டியே பக்கம் பக்கமாகப் போவான். மவுஸ்காரரின் திரையில் செருப்பு விளம்பரம் ஆடி முடிப்பதற்குள் ஒருவருக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவான். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"என்ன மாப்ள, கரண்டு போன வீடு மாதிரி இருக்கு உன் ஸ்கிரீனு?"

"உங்க வீட்ல லைட்டெல்லாம் எரியுது அத்தான். கதவுதான் திறக்க மாட்டேங்குது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மவுஸ்காரரும் சிரித்தார். வயிறு மட்டும் சிரிக்கவில்லை, எரிந்தது.

மகளின் பரீட்சை முடிவு வந்த அன்று ஊரே அந்த ஒரு தளத்தை மொய்த்தது. முடிவைத் தன் வாயால்தான் அவளுக்குச் சொல்லவேண்டும் என்று மவுஸ்காரர் இஸ்திரிச் சட்டையெல்லாம் போட்டு வந்திருந்தார். அவர் திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற மகள் மெல்ல நகர்ந்து மாமனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். வாடிக்கையாளர் போனால் போகட்டும். பெற்ற பிள்ளையுமா?

"வந்திருச்சு," என்றான் தம்பி. மதிப்பெண்கள் வரிசையாக நின்றன. கணக்கு மட்டும் விளிம்பில் தொங்கியது. தேர்ச்சியா இல்லையா என்ற இடத்தில் 'படம்' என்று ஒரே ஒரு சொல். அவன் தட்டிப் பார்த்தான், மறுபடியும் தட்டினான்.

"பாஸா ஃபெயிலான்னு எழுத்துல போடல அத்தான். டிக்கோ பெருக்கலோ, படமா வச்சுத் தொலைச்சிருக்காங்க. உங்களுதுலதான் தெரியும்."

எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தார்கள். இதைத்தானே ஆசைப்பட்டார்? இப்போது வட்டம் சுற்றச் சுற்ற, பனியன் துணியால் மவுஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலில் செருப்பு விளம்பரம் வந்தது. பிறகு ஏதோ ஒரு கட்டடத்தின் படம், ஓட்டில் தொடங்கி வாசல் வரைக்கும் ஆற அமர. கடைசியாக ஒரு பச்சை டிக்.

"பாஸ்," என்றார். இன்னொரு தடவை சொன்னார்.

மகள் துள்ளிக் குதித்து, பக்கத்தில் நின்ற மாமனைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள். பிறகுதான் அப்பாவை. அந்தப் 'பிறகு' மீன் முள்ளாய் அவர் தொண்டையில் நின்றது.

வீட்டில் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே மனைவியிடம் சொன்னார்: "உன் தம்பிகிட்ட அந்தக் கறுப்பு ஸ்கிரீன என் மெஷின்லயும் போடச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லிடாத."

பக்கத்து அறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அப்ப அந்தப் பனியன் துணி எனக்கா அத்தான்?"

"தொட்டுப் பாரு மாப்ள," என்றார் மவுஸ்காரர். "கை இருக்காது."