லிஃப்ட் நிற்காத வெள்ளிக்கிழமை

ஆட்சி வேறொரு நாட்டின் கைக்கு மாறப் பத்தொன்பது நாள் இருந்தது. சட்டமன்ற லிஃப்ட்காரருக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்தாறு வருடம், ஆறு பேர் நின்றாலே மூச்சு முட்டும் அந்தப் பெட்டிக்குள் ஏறி இறங்கியே கழிந்துவிட்டது. கட்டடம் முழுக்க அவருக்கு ஒரே பெயர்: கோளாறு அண்ணன்.

பெயருக்குக் காரணம் உண்டு. சங்கடமான வாக்கெடுப்பு வந்தால் சில உறுப்பினர்கள் லிஃப்டில் ஏறிக் கண்ணைக் காட்டுவார்கள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அண்ணன் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். மூன்றாம் மாடியில் அவைக் கதவைச் சாத்தி, வாக்கை எண்ணி முடித்ததும் லிஃப்ட் தானாகக் குணமாகிவிடும். வெளியே வந்து, ஓட்டுப் போடத்தான் ஓடிவந்ததாகவும் லிஃப்ட் கழுத்தறுத்துவிட்டதாகவும் நிருபர்களிடம் கையை விரிப்பார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் அரசியல் நடத்த இதைவிடத் தோதான இடம் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி அமர்வு; வாக்கெடுப்புக்கு ஒரு சட்டம் வந்திருந்தது. அவையின் எல்லா இடங்களுக்கும் மக்களே நேரடியாக ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; நீதிபதி முன் நிறுத்தாமல் யாரையும் இரண்டு நாளுக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது. இதை அடிப்படைச் சட்டத்தில் ஏற்றிவிட்டால், கைமாறும் ஒப்பந்தப்படி வரப்போகிறவர்கள் அதைத் தொட முடியாது. ஆனால் வாக்கெடுப்பு செல்லுபடியாக, அறுபது உறுப்பினரில் நாற்பது பேராவது அவைக்குள் இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு இதில் சொந்த அக்கறை இருந்தது. அவர் மனைவி சலவைத் தொழிலாளர் சங்கத் தலைவி. வரப்போகிறவர்களைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசியிருந்தார். மூன்றிலும் வார்த்தையை அளந்து பேசியதாகச் சொல்ல முடியாது. அன்று காலை அண்ணனின் சீருடைக்குப் பொத்தான் தைத்தபடியே மனைவி சொன்னார்: "சட்டம் வந்துச்சுன்னா ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துருவேன். வரலைன்னா நீங்க சமைக்கக் கத்துக்குங்க."

அண்ணன் சிரித்தார். பஸ் நிறுத்தம் வரைதான் அந்தச் சிரிப்பு தாங்கியது.

நாலு மணிக்கு மணி அடித்தது. அவையில் முப்பத்தாறு பேர். கீழ்த்தளத்தில் ஐந்து உறுப்பினர்கள் லிஃப்டில் ஏறினார்கள். தேர்தலில் இந்தச் சட்டத்துக்காக உயிரையே விடுவதாக முழங்கியவர்கள்தான். முன்னால் நின்றவர், தொழிலில் பல் டாக்டர், கண்ணைக் காட்டினார். அண்ணன் பணிவாகத் தலையாட்டினார்.

லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டியது. நிற்கவில்லை.

"என்ன அண்ணே, மறந்துட்டீங்களா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"போன வாரம்தான் சரி பண்ணாங்க, ஐயா. இப்ப கோளாறே வர மாட்டேங்குது."

பல் டாக்டர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். அண்ணன் பொத்தானை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அலுங்காமல் நின்றார்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. எதிரே பதினான்கு கேமராக்கள். நல்ல படம் கிடைக்கும் என்று மதியமே யாரோ நிருபர்களுக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். திரும்ப வழியில்லை. பல் டாக்டர் டையைச் சரிசெய்துகொண்டு, இன்று வரலாற்று நாள் என்றார். மற்ற நால்வரும் அதற்கேற்ற முகத்தை மாட்டிக்கொண்டார்கள்.

நாற்பத்தொரு பேர். முப்பத்தொன்பது பேர் ஆதரிக்க, சட்டம் நிறைவேறியது; ஐவரின் கையும்தான் எல்லோருக்கும் முன்னால் உயர்ந்தது.

ஆறு மணிக்குள் அண்ணனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது: திங்கட்கிழமை முதல் கோப்புக் கிடங்கு. ஆட்சி கைமாறிய மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். முதலில் பேசப்போவது அவர் மனைவி.