உளுத்தம் பொட்டில் இரண்டு கை குருணை

நாற்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பதாகச் சொன்னால் கொச்சி மட்டாஞ்சேரியில் யாரும் நம்புவதில்லை. உளுந்துத் தோலில் ஆன்டிஆக்ஸிடன்ட் குணமுள்ள பாலிசாக்கரைடுகள் என்னும் கூட்டுச் சர்க்கரைகள் உண்டு; என் ஆய்வு அவற்றைப் பற்றித்தான். தோலை வெந்நீரில் காய்ச்சி, வடிகட்டி, எத்தனால் ஊற்றினால் அவை வெண்பஞ்சாகத் திரளும். மூன்று முறை திரண்டன. மூன்று முறையும் அயோடின் சொட்டு பட்டதும் நீலமாகிவிட்டன. நீலம் என்றால் மாவுச்சத்து; அது பருப்பில் இருப்பது, தோலில் அல்ல. அதாவது, அத்தனை மாதமும் நான் காய்ச்சியது கஞ்சி. இன்னொரு தடவை நீலமானால் தலைப்பையே மாற்றிவிடும்படி நெறியாளர் சொல்லிவிட்டார்.

நான்காவது மூட்டைக்குப் போனபோது, மாட்டுத்தீவனத்துக்கு உளுந்துத் தோலை, அதாவது பொட்டை, விற்கும் பாலக்காட்டுத் தமிழரிடம் கேட்டேன்:

"சேட்டா, இதுல பருப்பு ஏதும் கலக்குதா?"

"பின்னே? ஒவ்வொரு தடவையும் ரெண்டு கை குருணை நான்தான் போட்டேன். வெறும் தொலியைத் தின்னா பசு பால் தருமோ, சாரே?"

"எங்கிட்ட பசு இல்லைன்னு அன்னிக்கே சொன்னேனே!"

"சொன்னீங்க. பசு இல்லாத ஆளு மாசாமாசம் பொட்டு வாங்குவாரோ?"

குருணை போடாமல் என் கண்முன்னே கட்டச் சொன்னேன். கட்டினார். முகத்தில் அப்படியொரு வருத்தம், என் பசுவை நினைத்து.