சில்லுக்கு முன்னால் தேசிக்காய்

வீரகத்தியின் உத்தியோகம் கட்டை வைப்பது. சிரிக்கலாம், ஊரும் சிரித்தது. அறுபதுகளின் தொடக்கத்தில், வயலுக்கு மருந்து தெளிக்கும் சிறிய விமானமொன்று வவுனியாப் பக்கம் வந்து இறங்கியது. அதன் சில்லுகளுக்கு முன்னால் மரக்கட்டை வைப்பதும், மாட்டையும் சனத்தையும் விலக்குவதும் அவர் பொறுப்பு. விமானத்தின் மூக்கு நிமிர்ந்திருப்பதால் உள்ளே இருக்கும் பைலட்டுக்கு முன்னால் உள்ள நிலம் தெரியாது. கட்டை இருக்கிறதென்று வீரகத்தி கை உயர்த்தினால்தான் அவர் எஞ்சினை முடுக்குவார்.

முதல் நாளன்று கமக்காரர் சங்கத் தலைவர் அப்புத்துரை தேங்காய், கர்ப்பூரம், தேசிக்காய் சகிதம் வந்து சேர்ந்தார். அவருடைய மகனுக்கு வீரகத்தியின் மகள் இராசமலரைப் பேசி முடித்திருந்த நேரம் அது. புது வாகனம் தேசிக்காயை நசித்துக்கொண்டு புறப்பட வேண்டும் அல்லவா? தேசிக்காய் வைக்கிற இடத்தில் கட்டை கிடந்தது.

“கட்டையை எடும், வீரகத்தி.”

“எஞ்சின் நல்லாப் பிடிச்சு, பைலட் கை காட்டின பிறகுதான் எடுக்கலாம், அண்ணை. இல்லாட்டிப் பாய்ஞ்சிடும்.”

“நல்ல நேரம் போகுது, சம்பந்தி.”

அந்த மனுசன் அவரைச் சம்பந்தி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. மகளைப் பெற்றவன் வேறென்ன செய்வான்? கட்டையை உருவினார். பைலட் கேட்டபோது, கட்டை இருக்கிறதென்று கையையும் உயர்த்தினார்.

எஞ்சின் பிடித்ததும் விமானம் முன்னே பாய்ந்தது. உருண்ட தேசிக்காயை எடுக்கக் குனிந்திருந்த அப்புத்துரையை வீரகத்தி இழுத்து எறிந்தார். அவர் பிழைத்தார். வீரகத்தியின் வலக்கை விமான விசிறியில் பட்டு மணிக்கட்டோடு போயிற்று.

விசாரணையில் அப்புத்துரை கைகட்டி நின்றார். “கட்டையைப் பற்றி எனக்கென்ன தெரியும், ஐயா? அவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை.”

வேலை போனது. கவனமில்லாதவன் வீட்டில் பெண் எடுப்பதில்லையென்று கலியாணப் பேச்சும் போனது. கை போனதைவிட அதுதான் வீரகத்தியை அரித்தது. தன் உயிரைக் காத்தவனுக்கே இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வந்ததோ, பாவி மனுசனுக்கு.

அடுத்த வைகாசியில் அந்த மகனுக்கு வேறிடத்தில் கலியாணம். மாப்பிள்ளைக் கார் வீரகத்தியின் படலைக்கு எதிரே வாய்க்கால் மேட்டில் நின்றது. சரிவென்பதால் சில்லுக்குக் கல் வைத்திருந்தார்கள். தேசிக்காய் வைப்பதற்காக யாரோ கல்லை எடுக்கக் குனிந்தார்கள்.

அப்புத்துரை பதறி ஓடி வந்தார்.

“கல்லைத் தொடாதையுங்கோ. முதல் எஞ்சின் நல்லாப் பிடிக்கட்டும். டிரைவர் கை காட்டின பிறகுதான் எடுக்கலாம். இல்லாட்டிப் பாய்ஞ்சிடும்.”

படலைக்குள் நின்ற இராசமலர் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். வீரகத்தி இடக்கையால் படலையைச் சாத்தினார்.

“நான் அண்டைக்குச் சொன்னது அவருக்குக் கேட்டுத்தான் இருக்குது, பிள்ளை,” என்றார்.