பாலம் முடிஞ்சிட்டா?

என் மகள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று தென்காசி டாக்டர் சொன்ன பிறகு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டாள். அவர் படுத்திருந்த நாடாக் கட்டிலுக்கு எதிரே மேசையைப் போட்டு அங்கேயே வேலை பார்த்தாள். நான் அடுக்களை வாசலில் நின்றுதான் இரண்டு பேரையும் பார்ப்பேன். எனக்கு எப்போதும் அதுதான் இடம்.

அது என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. அவர்தான் கேட்டார்.

“கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்தையும் நடத்துத அடிப்பாகம் ஒண்ணு இருக்குப்பா. கெர்னல்னு பேரு. அடிக்கடி கேக்குத ஃபைல அது ஒவ்வொரு தடவையும் உள்ள போயித் தேடாது. கிட்டத்துலயே எடுத்து வச்சிக்கிடும். அந்த இடந்தான் கேச். ஆனா அதுக்கு ஒரே ஒரு பூட்டு. முந்தி கம்ப்யூட்டருக்கு ஒண்ணு ரெண்டு மூளைதான், சமாளிச்சிட்டு. இப்ப பெரிய மிஷின்ல எத்தனையோ மூளை. சும்மா பாக்க வந்ததுகூட பூட்டு கைக்கு வார வரைக்கும் காத்துக் கிடக்கணும்.”

அவர் புளியங்குடி ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தலையணையில் கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

“நம்ம ரயில்வே கேட்டுல்லா இது! கேட்டப் போட்டுட்டா ஆம்புலன்ஸும் நிக்கும், எலுமிச்சம்பழ லாரியும் நிக்கும், என் பஸ்ஸும் நிக்கும். நீ என்னட்டி பண்ணுத, மேம்பாலம் கட்டுதியா?”

“அப்படித்தாம்ப்பா. பாக்க மட்டும் வாரவங்க நிக்காம போயிரணும்.”

“அப்பம் நான் போறதுக்குள்ள கட்டி முடி. ஒருக்க ஹாரன் அடிச்சிட்டுப் போறேன்.”

அன்றிலிருந்து காலையில் காப்பி குடித்ததும் அதே கேள்விதான்.

“பாலம் முடிஞ்சிட்டா?”

“இல்லப்பா. நேத்தும் இடிஞ்சி விழுந்துட்டு.”

“சிமெண்டுல மண்ணக் கலந்தா இடியத்தான் செய்யும். காண்ட்ராக்டர் யாருட்டி?”

“உங்க மகதான்.”

நோய் தீரும் என்று கோயிலில் இருந்து புற்றுமண் கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசுவேன். “அந்த மிஷினுக்கும் கொஞ்சம் பூசு. அதுக்கும் என்னய மாதிரி இடையில மூச்சு நின்னுபோவுது” என்றார் ஒருநாள். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் நிஜமாகவே ஒரு ஓரத்தில் தொட்டு வைத்தேன். மகள் அதைத் துடைக்கவில்லை.

நாள் போகப் போக அவருக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. கேள்வியும் சுருங்கி, “பாலம்?” என்று மட்டும் வரும். ஒரு தடவை ஆச்சு என்று சொல்லிவிட்டால் என்ன என்று எனக்குத் தவிப்பாக இருக்கும். சொல்ல வாய் வராது. அடுக்களையில் தண்ணீர் மோந்துகொண்டு நின்ற மகள் என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள். “பொய் சொன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிரும்மா. அப்புறம் நாளைக்குக் கேக்க மாட்டாங்க” என்றாள்.

கடைசி நாள் காலையில் வார்த்தையும் இல்லை. புருவத்தை மட்டும் தூக்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் இல்லப்பா” என்றாள். கேட் போட்டிருந்தால், ரயில் வருகிற வரைக்கும் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துகொள்வேன் என்று முன்பெல்லாம் சொல்வார். அப்படித்தான் தலையைச் சாய்த்துக்கொண்டார். மத்தியானம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து மகள் திரும்பவும் அதே மேசையில் உட்கார்ந்தாள். எதிரே வெறும் கட்டில். ஒருநாள் சாயங்காலம் எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தாள். சொல்வதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

“எம்மா, ஏன் இடிஞ்சி விழுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். பூட்டு வாங்காமலே பாக்கலாம்னு விட்டேன்லா. இடம் பத்தலன்னா கேச் பழசத் தூக்கிப் போட்டுரும். ஒரு மூளை பாத்துக்கிட்டு இருக்கும்போதே போட்டுட்டு. அந்த மூளை வெறும் இடத்துல கைய வச்சி, எல்லாம் நின்னுபோவுது.”

“அதுக்கு என்னட்டி செய்யணும்?” என்றேன். அவள் வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“புதுசா யாரும் வந்து பாக்காதபடி ஒதுக்கி வச்சிரணும். ஆனா ஏற்கெனவே பாத்துக்கிட்டு இருக்கவங்க பாத்து முடிக்கிற வரைக்கும் அதத் தொடக் கூடாது. பெறவு எடுத்துக்கிடலாம்.”

அந்த வாரமே குருவிகுளத்தில் இருந்து என் கொழுந்தனார் வந்தார்.

“மயினி, இந்தக் கட்டில இன்னும் வீட்டுக்குள்ள போட்டு வச்சிருக்கக் கூடாது. நான் கொண்டுபோறேன். தோட்டத்துக் காவலுக்கு ஆகும்.”

சொல்லிக்கொண்டே குனிந்து கட்டில் காலைப் பிடித்தார். அவரிடம் எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன். அன்றைக்கு எப்படியோ வெளியே வந்துவிட்டேன்.

“இருக்கட்டும். நான் இன்னும் பாத்து முடிக்கல.”

அவருக்கு விளங்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். கட்டிலை விட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மகள் பெங்களூருக்குப் போனாள். சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. அவள் செய்ததை மேலே இருக்கிறவர்கள் எல்லாம் பார்த்து, சரி என்று கெர்னலோடு சேர்த்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு அவளே கேட்டாள்.

“கட்டில் அங்கனதான கெடக்கு?”

“ஆமா.”

“அப்பாகிட்ட சொல்லிரும்மா.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டால்தான் பதில் சொல்வேன். நானாக ஒரு பேச்சு ஆரம்பித்ததில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை. கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் படுத்த இடத்தில் நாடா தளர்ந்து குழி விழுந்திருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் வார்த்தை வந்தது.

“பாலம் முடிஞ்சிட்டாம்.”

மறுநாள் கொழுந்தனாருக்குப் போன் போட்டு, கட்டிலை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

“பாத்து முடிச்சாச்சா மயினி?” என்று கேட்டார்.

அவர் அதை ஞாபகம் வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

“நீங்க வாங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.