எதிரணி பாட வேண்டிய பாட்டு

எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒரு பாட்டைப் பெரிய பாட்டு என்று வரிசையில் ஏற்ற வேண்டுமானால், அதை விரும்புகிறவன் பாடக் கூடாது. எதிரணியில் ஒருவர் எழுந்து நின்று, கைப்பேசியைப் பார்க்காமல், பல்லவியும் ஒரு சரணமும் பாட வேண்டும். பிடிக்காதவன் வாயிலும் போய்த் தங்கிவிட்டதே, அதுதான் பாட்டு. விதியை யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்கு அது எப்போதும் மழையைப் போல இருந்தது. யார் வீட்டுக் கூரை என்று பார்த்துப் பெய்யாத ஒன்று.

ஆடித் திருவிழா முடிந்த மறுநாள், மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடிய சட்டை காய்வதற்குள், தோட்டத்து மாரியம்மன் கோயில் கொட்டகையில் கூடுவோம். தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை மரங்கள். கோயில் மட்டும் அதற்கு நடுவே, ஆண்டுக்கொரு புது வர்ணத்தில். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து பாதிப் பேர், ரவாங், செரண்டா பக்கமிருந்து மீதிப் பேர். தாம்பாளத்தில் கைப்பேசிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பத்துப் பாட்டுகளுக்காக மாலை வரை சண்டை போடுவோம்.

அணி இரண்டு. ஒரு பெரிய இசையமைப்பாளர், அவருக்குப் பின்னால் வந்த இன்னொருவர். பின்னால் வந்தவருக்கும் தலை நரைத்தாயிற்று. எங்கள் கொட்டகையில் மட்டும் அவர் இன்னும் 'புதுசு'. நான் பெருசு அணி. என் நண்பன் புதுசு அணிக்குத் தலைவன்.

"ஒங்காளு பாட்டுல பாட்டு எங்கடா இருக்கு? வாஷிங் மெஷின் சத்தந்தான் இருக்கு."

"ஒங்காளு பாட்டு போட்டா எங்க வீட்டுக் கோழி அழுவுது மச்சான். முட்ட வைக்க மாட்டேங்குது."

இப்படித்தான் ஆரம்பிக்கும். பத்தில் எந்த அணிக்கு அதிகம் இடம் கிடைக்கிறதோ அது ஜெயித்தது. தோற்ற அணி, அன்னதானத்துக்குச் சமைத்த அண்டாக்களைக் கழுவ வேண்டும். சாம்பார் அடிப்பிடித்த அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்க்கும்போது ஜெயித்தவர்கள் வெளியிலிருந்து தட்டுவார்கள். அந்தத் தட்டல் அடுத்த ஆடி வரை காதில் இருக்கும். சிரிக்காதீர்கள். பெரிய ஊர்களில் பெரிய மனிதர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தால், அதற்குள்ளும் ஓர் அண்டாதான் இருக்கும்.

இதில் சேராத ஒரு பாட்டு எங்களிடம் இருந்தது. எந்த சினிமாவிலும் வராதது. தோட்டத்தில் ஓர் இசைக்குழு இருந்த காலத்தில், தோட்டக் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்த ஒருவர் எழுதி, குழுவே மெட்டுப் போட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண் மழையிடம் பேசுகிற பாட்டு. மழை வந்தால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நிற்காது, பால் நிற்காவிட்டால் அன்றைய சம்பளமும் கையில் நிற்காது.

மழையே நில்லு கொஞ்ச நேரம்
மங்கு நிறையட்டும் இந்த ஓரம்

பாடியவள் என் அக்கா. ஒரே ஒரு கேசட். அதிலும் இரண்டாம் பக்கம். அவள் குரலில் ஒரு சொரசொரப்பு இருக்கும், ஈரமான துணியைப் பிழிவதுபோல. அந்தப் பாட்டில் கீபோர்டு வாசித்தவன் என் நண்பன். குழு கலைந்து, அவன் தொழிற்சாலைக்குப் போய், நானும் அதே தொழிற்சாலைக்குப் போய், ஒரே மோட்டார் சைக்கிளில் செரண்டாவுக்குப் போன வருடங்களில் என் முதுகுக்குப் பின்னால் அவன் அதைப் பாடிக்கொண்டே வருவான். ஹெல்மெட்டுக்குள் அந்தப் பாட்டு முட்டி முட்டித் திரும்பும்.

போன வருடம் அக்காவுக்குக் கழுத்தில் ஓர் ஆபரேஷன். பிழைத்துக்கொண்டாள். குரல் பிழைக்கவில்லை. காற்று மட்டும் வருகிறது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். செரண்டாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். இந்த ஆடிக்கு வருகிறேன் என்று செய்தி அனுப்பியபோது எனக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. அவள் கொட்டகையில் உட்கார்ந்திருக்க, அவள் பாட்டு அந்தப் பத்துக்குள் ஏற வேண்டும். கடைசி இடமானாலும் சரி. அவள் காது கேட்க, இன்னொருவர் வாயால் அது பாடப்பட வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அண்டா கழுவவும் தயார்.

ஆனால் விதி. நான் சொல்லும் பாட்டைப் புதுசு அணியில் ஒருவர் பாட வேண்டும். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கேசட் வந்த பிறகு பிறந்தவர்கள். சொல் மாறாமல் தெரிந்தவன் ஒருவன்தான்.

அன்று காலை பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவில் அவனோடு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடித்தேன். மணல் லோரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. விஷயத்தைச் சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இதுக்கு என்னாத்துக்கு மச்சான் இவ்ளோ இழுக்குற? அக்கா பாட்டு. நான் பாடாம யாரு பாடுவா?"

"ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"டேய்." மேசையில் தாளம் போட்டான். சரணத்தை எடுத்தான். நான் மறந்திருந்த ஒரு வரியை அவன் எடுத்துக் கொடுத்தான். நடுவில் வரும் கீபோர்டு இசையை வாயாலேயே வாசித்தான். பக்கத்து மேசைக்காரர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "போதுமா? சாயங்காலம் நீ வாய மூடிக்கிட்டு ஒக்காரு. நான் பாத்துக்குறேன்லா."

என் கண் கலங்கியதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, இன்னொரு தே சொன்னான்.

அக்காவை நானே கொட்டகைக்கு அழைத்து வந்தேன். மாம்பழ நிறப் புடவை, கழுத்தில் துப்பட்டா போல ஒரு மெல்லிய துணி. பெண்கள் சூழ்ந்துகொண்டு உரக்கப் பேசினார்கள், குரல் போனவளுக்குக் காதும் போய்விட்டது என்பதுபோல. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தானாக நடக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

சண்டை நன்றாகவே நடந்தது. கோயில் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, அம்மாவுக்குக் காது வலிக்கப்போவுது," என்று கருவறைப் பக்கம் கையைக் காட்டினார். என் நண்பன் எங்கள் பெரியவரின் சோகப் பாட்டு ஒன்றைப் பாடினான், மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்டலாகத் தொடங்கி, சரணத்தில் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். அது விதியின் அழகு. கிண்டல் செய்ய வாயைத் திறந்தாலும் பாட்டு உள்ளே புகுந்துவிடும். இத்தனை வருடத்தில் தெரிந்த பாட்டைத் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று விதியில் இல்லை. சொல்ல முடியும் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

கடைசி இடம் வந்தது. அவர்களுக்கு ஐந்து பாட்டு, எங்களுக்கு நான்கு. நான் எழுந்தேன். பாட்டின் முதல் சொல்லைச் சொன்னேன். கொட்டகையில் வயதானவர்கள் பக்கம் ஒரு "ஆ" எழுந்தது. அக்கா நிமிர்ந்தாள். அவள் கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போயிற்று.

"இது நம்ம தோட்டத்துப் பாட்டு," என்றார் தலைவர். "சினிமாப் பாட்டு இல்ல. பரவால்ல. எதிரணி யாரு பாடுறீங்க?"

நான் என் நண்பனைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீபோர்டுகாரரே, ஒங்களத்தான். நீங்க வாசிச்சதுதான?"

அவன் எழுந்தான். தொண்டையைச் செருமினான். "மழையே..." என்றான். நிறுத்தினான். நெற்றியைத் தேய்த்தான், நன்றாக நடிக்கத் தெரியாத ஆள் தேய்ப்பதுபோல.

"வரி வர மாட்டேங்குது தலைவரே. ரொம்ப காலமாச்சுல்ல. மறந்து போச்சுலா."

மறந்து போச்சு. வெயிலில் கூரைத் தகரம் டிக் டிக்கென்று சொடுக்கியது. காலையில் மேசையில் தாளம் போட்ட அதே விரல்கள் அவன் வேட்டி ஓரத்தைப் பிடித்திருந்தன. நான் அவன் முகத்தில் ஏதாவது ஒரு விரிசலைத் தேடினேன். துக்கமோ, அடைப்போ, அக்காவைப் பார்த்ததும் குரல் எழவில்லை என்கிற ஏதோ ஒன்றோ இருந்தால் அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வேன். இல்லை. அவன் கண் தலைவர் கையிலிருந்த, எண்ணிக்கை எழுதிய வெள்ளைப் பலகைக்குப் போயிற்று. ஐந்து, நான்கு. எனக்குப் புரிந்துவிட்டது. என் பாட்டு ஏறினால் அது எங்கள் கணக்கு, ஐந்துக்கு ஐந்து. ஏறாவிட்டால் கடைசி இடமும் அவர்களுக்கு.

"காலையில பாடுனியேடா," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, கெஞ்சலாகக் கேட்டது.

"எப்ப மச்சான்?" என்றான்.

அந்த 'எப்ப'வை நான் இன்னும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"சரி சரி, பாட ஆளில்ல. அடுத்தது," என்றார் தலைவர். அவனே அடுத்த பாட்டைச் சொன்னான், அவன் ஆளுடைய பாட்டு. எங்கள் அணியிலிருந்து ஒரு சித்தி, கையில் வெற்றிலையோடு, எதையும் யோசிக்காமல் எழுந்து முழுசாகப் பாடி முடித்தார். நல்ல பாட்டு வந்தால் அவருக்கு வாய் நிற்காது. கைதட்டல். ஆறுக்கு நான்கு. புதுசு அணி துள்ளியது. யாரோ ஓர் அண்டாவை அப்போதே தட்டத் தொடங்கினார்கள்.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

குழாயடியில் அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் தண்ணீரும் கரியும் கலந்து செம்பனை வாய்க்காலுக்கு ஓடியது. அவன் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு வந்தான். ஜெயித்தவர்கள் வர வேண்டியதில்லை. வந்தான்.

"கோவமா?"

நான் தேய்த்தேன்.

"பத்துல ஆறு மச்சான். இத்தன வருசத்துல மொத தடவ. நீயே சொல்லு, நான் எப்டி வுடுறது? அடுத்த வருசம் பாடிட்டாப் போச்சு. அக்கா எங்க போவப் போறாங்க?"

அதைச் சொன்ன இலகுவில்தான் எனக்கு அடி விழுந்தது. அவன் பொய்க்கு நான் இன்னும் ஒரு பெரிய காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்; அவனிடம் அது இல்லை. ஓர் எண் இருந்தது.

"அக்கா ஒக்காந்திருந்தாங்கடா," என்றேன்.

"இருந்தாங்க. அதுக்கு?" தண்ணீரைத் திறந்துவிட்டான். அண்டாவின் வயிற்றில் தண்ணீர் அடிக்க, அவன் வாய் அதுவாகவே ஓர் இசையை முனகத் தொடங்கியது. மழைப் பாட்டின் நடுவே வரும் கீபோர்டு. ஒரு சுரம் பிசகாமல். அவனுக்கே தெரியவில்லை. நான் தலையைத் தூக்கினேன். அவனுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள், எப்போது வந்தாளோ. அவள் விரல்கள் கவிழ்த்து வைத்த அண்டா ஒன்றின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவன் திரும்பிப் பார்த்து, நாக்கைக் கடித்தான். அவள் சிரித்தாள். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், சின்ன வயதில் தப்பான கட்டையை அழுத்தினால் தட்டுவாளே, அப்படி.

அவ்வளவுதான். கோபமில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இருட்டுகிற நேரத்தில் அவளை செரண்டாவுக்குக் கொண்டுபோய் விடக் காரை எடுத்தேன். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தாண்டினோம். பிறகு சொன்னேன், எல்லாவற்றையும். காலையில் அவன் பாடியது, சத்தியம் போல் சொன்னது, பொய். "அவனுக்கு முழுசாத் தெரியும்க்கா. ஒரு பாட்டு ஜெயிக்கணும்னு ஒன் பாட்டப் பொதச்சுட்டான்."

அவள் உதடுகள் அசைந்தன. காற்றில் சொல்லைப் பிடிக்க நான் வேகத்தைக் குறைத்தேன்.

"தெரியும்டா."

"தெரிஞ்சும் அவனத் தட்டிக் குடுக்குற?"

தோளைக் குலுக்கினாள். கையை நீட்டி வானொலியைத் திருகினாள். பின்னால் வந்தவரின் பாட்டு, கடைசி இடத்தைப் பிடித்த அதே பாட்டு. அன்றைக்கு அது எங்கும் இருந்தது போலும். மாற்றப்போன என் கையை அவள் மெல்லத் தள்ளிவிட்டாள்.

"விடு. நல்ல பாட்டு."

"அக்கா, நீ பெருசு அணி."

சிரித்தாள். ரவாங் போக்குவரத்து விளக்கில் சிவப்பு. நின்றோம். பக்கத்தில் ஒரு லோரி, பனங்குலைகள் முள்ளோடு. கண்ணாடியில் சாய்ந்து அவள் அந்தப் பாட்டுக்கு உதடசைக்கத் தொடங்கினாள். பல்லவி. பிறகு சரணம். சத்தமே இல்லை. ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை, மூச்சு எடுக்கும் இடங்கள்கூடப் பாடகியினுடைய இடங்களில் இருந்தன. அவள் முகம் வெளிச்சமாக இருந்தது. அந்த வெளிச்சத்தை நான் அவளுடைய பாட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்தேன்.

எதிரணியில் ஒருவர். கைப்பேசி இல்லாமல். பல்லவியும் ஒரு சரணமும்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. அவள் பாடி முடிக்கட்டும் என்று காத்திருந்தேனா, கோபத்தில் கால் எழவில்லையா, தெரியாது. அந்தப் பாட்டு எங்கள் விதிப்படி, என் கண் முன்னால், இன்னொரு முறை ஏறிக்கொண்டது.